நர்ஸ் வேலையில் இருந்துகொண்டே ஆன்லைன் டிகிரி: எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது

"ஜி.என்.எம். முடித்தவரா? வேலையை விடாமல், வீட்டிலிருந்தே பி.எஸ்சி. பட்டம் பெறலாம்." கடலூரிலும் புதுச்சேரியிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் யாருடைய வாட்ஸ்அப்பிலும் இப்படி ஒரு விளம்பரம் வந்திருக்கும். விளம்பரத்தில் ஒரு வார்த்தை மட்டும் சாமர்த்தியமாக விடுபட்டிருக்கும்: எதில் பி.எஸ்சி.? நர்ஸிங்கிலா, வேறு பாடத்திலா? குழப்பம் முழுவதும் இந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குகிறது. ஆன்லைன் டிகிரி என்பது பொய் அல்ல; அது சட்டப்படி செல்லும். நர்ஸிங் டிகிரியும் செல்லும். ஆனால் இந்தியாவில் இரண்டும் ஒரே படிப்பாகச் சேருவதில்லை.

போதாக்குறைக்கு, 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட ஓர் அறிவிப்பு, செவிலியர்கள் விரும்பிச் சேர்ந்துவந்த சில ஆன்லைன் படிப்புகளையும் மூடிவிட்டது. ஆகவே அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

முதலில் சொற்கள்

செவிலியப் படிப்பில் மூன்று பெயர்கள் அடிக்கடி கலந்துபோகின்றன.

1. ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு) என்பது டிப்ளமா. பதிவுபெற்ற நர்ஸாக வேலை செய்ய இது போதும். ஆனால் இது பட்டம் அல்ல.

2. பி.எஸ்சி. நர்ஸிங் என்பது பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் 4 ஆண்டு முழுநேரப் பட்டப்படிப்பு.

3. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங் என்பது ஜி.என்.எம். முடித்தவர்கள் பட்டதாரி ஆவதற்காகவே உள்ள படிப்பு. கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்தால் 2 ஆண்டு.

படிக்கும் முறையிலும் இதேபோல் மூன்று பெயர்கள் உண்டு. ரெகுலர் என்றால் வகுப்பறை. தொலைதூரக் கல்வி என்றால் அச்சிட்ட பாடநூல், படிப்பு மையம், அவ்வப்போது தொடர்பு வகுப்பு. ஆன்லைன் என்றால் காணொளிப் பாடம், மின்பாடம், இணையத்தில் கலந்துரையாடல், சுயமதிப்பீடு என்ற நான்கு பகுதிகளும் கொண்ட படிப்பு. பேச்சுவழக்கில் கடைசி இரண்டையும் "கரஸ்" என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். யுஜிசி விதிகளில் அவை வேறு வேறு. இந்த வேறுபாடு கடலூர் – புதுச்சேரி எல்லையில் இருப்பவர்களுக்கு ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

நர்ஸிங் ஏன் ஆன்லைனில் இல்லை

யுஜிசியின் 2020ஆம் ஆண்டு தொலைதூர, ஆன்லைன் கல்வி விதிகள் பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியம் போன்றவற்றை இந்த முறைகளில் நடத்தக் கூடாது என்கின்றன. தடையின் பின்னால் உள்ள காரணத்தைப் படிப்படியாக இப்படிச் சொல்லலாம்.

1. பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். ஆனால் அந்தப் பட்டத்தை நர்ஸிங் தகுதியாக ஏற்பது செவிலியர் குழுமம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது இந்திய செவிலியர் குழுமம்; அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. அமைப்பின் பெயர் எதுவானாலும் இந்த வேலை அதனுடையதுதான், யுஜிசியுடையது அல்ல.

2. குழுமம் பார்ப்பது மதிப்பெண்ணை மட்டும் அல்ல. எந்த வார்டில், எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்பதையும் பார்க்கிறது.

3. அந்த மணிநேரத்தைக் காணொளியில் காட்ட முடியாது. பிரசவ அறையில் நிற்காமல் மகப்பேறு பாடத்தை முடித்ததாகக் கணக்கு எழுத முடியாது.

"நான்தான் எட்டு வருடமாக ஐ.சி.யு.வில் நிற்கிறேனே, அது பயிற்சி இல்லையா?" என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கேட்டால் கேள்வி நியாயமானதே. ஆனால் பணி அனுபவம் வேறு, பாடத்திட்டத்துக்குள் வரும் மேற்பார்வைப் பயிற்சி வேறு என்றே விதி பிரிக்கிறது. ஐ.சி.யு.வில் எட்டு வருடம் நின்றவர் சமுதாய நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ ஒரு நாளும் நிற்காமல் இருந்திருக்கலாம் அல்லவா.

ஆக, "முழுக்க ஆன்லைனில் பி.எஸ்சி. நர்ஸிங்" என்று இந்தியாவுக்குள் யாராவது விற்றால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்தான். பட்டம் கைக்கு வந்தாலும் குழுமத்தில் பதிவாகாது. பதிவாகாத நர்ஸிங் பட்டத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் முடியும்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

கூகுளில் தேடினால் முதலில் வருவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் "ஆர்.என். டு பி.எஸ்.என்." படிப்புகள், அதாவது பதிவுபெற்ற நர்ஸ் நர்ஸிங் பட்டதாரி ஆவதற்கானவை. அங்கே வேலையில் இருக்கும் நர்ஸ்கள் ஆன்லைனிலேயே பட்டம் முடிப்பது சாதாரணம்.

அங்கே இரண்டாண்டு அசோசியேட் பட்டம் படித்து, உரிமத் தேர்வில் தேறி, நர்ஸாக வேலைக்குப் போய்விடலாம். செய்முறைப் பயிற்சியின் பெரும்பகுதி அந்தப் படிப்பிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள ஆராய்ச்சி முறை, தலைமைப் பண்பு, பொதுச் சுகாதாரம் போன்ற பாடங்களைத்தான் ஆன்லைனில் படிக்கிறார்கள். 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவக் கழகம் 2010இல் பரிந்துரைத்தது. 2017இல் நியூயார்க் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக உரிமம் பெறும் நர்ஸ்கள் 10 ஆண்டுக்குள் பட்டம் முடிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. இவ்வளவு தேவை இருந்ததால் அந்தப் படிப்புகள் பெருகின.

ஆனால் அவை அந்நாட்டு உரிமம் கையில் உள்ளவர்களுக்காகத் தைத்த சட்டை. பண்ருட்டியில் இருந்துகொண்டு, இந்தியப் பதிவு மட்டும் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது.

வேலையை விடாமல் நர்ஸிங் பட்டம்: இக்னோ வழி

அப்படியானால் ஜி.என்.எம். நர்ஸுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதன் பெயர் ஆன்லைன் அல்ல. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பேச்சுவழக்கில் இக்னோ, 1994 முதல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங் படிப்பை நடத்திவருகிறது. தொலைதூர முறைக்குப் பொதுவாகத் தடை இருந்தாலும், நேரடிச் செய்முறை வகுப்புகளோடு நடப்பதால் செவிலியர் குழுமம் ஏற்ற படிப்பு இது. குறைந்தது 3 ஆண்டு. ரெகுலரில் 2 ஆண்டு ஆவது இங்கே 3 ஆவதற்குக் காரணம், வேலைக்கு நடுவே படிப்பவருக்காக அதை நீட்டி அமைத்திருப்பதுதான்.

சேரத் தேவையானவை:

1. பதிவுபெற்ற நர்ஸ், மிட்வைஃப் என்ற இரண்டு பதிவும் இருக்க வேண்டும்.

2. பிளஸ் டூவுக்குப் பின் ஜி.என்.எம். படித்தவர் என்றால், பதிவுக்குப் பிறகு 2 ஆண்டுப் பணி அனுபவம். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். சேர்ந்த மூத்தவர்களுக்கு 5 ஆண்டு.

3. மகப்பேறு பாடம் படிக்காத ஆண் நர்ஸ்களுக்கு, அதற்குப் பதிலாக வரையறுத்த வேறு பயிற்சியின் சான்றிதழ்.

4. நுழைவுத் தேர்வு. விண்ணப்பித்தாலே இடம் என்பது இல்லை.

இதில் சேர்ந்தாலும் செய்முறை வகுப்புகளுக்கு நேரில் போயே ஆக வேண்டும். விளம்பரங்கள் மறைப்பதும் புதிதாகச் சேருவோர் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். அந்த நாட்களுக்கு மருத்துவமனை விடுப்பு தருமா, சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா என்பதைச் சேருவதற்கு முன்பே நர்ஸிங் சூப்பரின்டென்டென்டிடம் பேசி, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அரசுப் பணியில் உள்ளவர்கள் உயர்கல்விக்கு முன் அனுமதி வாங்காமல் சேர்ந்தால், பின்னால் பணிப் பதிவேட்டில் பட்டத்தை ஏற்றும்போது சிக்கல் வரும்.

ரெகுலர் போஸ்ட் பேசிக்கில் சேர நினைக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி தேர்வுக்குழுவின் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். 2 ஆண்டு வருமானத்தை விட முடிந்தவர்களுக்கு என் பார்வையில் இதுவே நேர்வழி. எத்தனை பேரால் விட முடியும் என்பது வேறு கேள்வி.

பின் ஆன்லைன் டிகிரி எதற்கு?

இப்போது இரண்டாவது பாதை. நர்ஸாக இருந்துகொண்டே நர்ஸிங் அல்லாத ஒரு பட்டம்: பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. இவை ஆன்லைனில் உண்டு. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன் பட்டம் ரெகுலர் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே செல்லுமா என்பதைவிட, எந்தக் கதவை அது திறக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

திறக்கும் கதவுகள்: "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்கும் போட்டித் தேர்வுகள். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 போன்றவற்றுக்கு ஜி.என்.எம். டிப்ளமா மட்டும் போதாது. ஒரு பட்டம் வேண்டும். பத்து, பிளஸ் டூ, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையையும் தமிழ்நாடு அரசு வேலைகளில் பார்ப்பார்கள். பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம். போனவர்களுக்கு அதில் தொல்லை இல்லை. அடுத்து, மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. போன்ற முதுகலைப் படிப்பு. வார்டு வேலையிலிருந்து தரக் கட்டுப்பாடு, காப்பீட்டுப் பிரிவு, பில்லிங் பக்கம் நகர நினைப்பவர்களுக்கு இது உதவும்.

திறக்காத கதவுகள்: எம்.எஸ்சி. நர்ஸிங், நர்ஸிங் கல்லூரியில் ஆசிரியர் வேலை, நர்ஸிங் பட்டத்தைக் கேட்கும் பதவி உயர்வு. வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கும் இதனால் பயனில்லை. அங்குள்ள அமைப்புகள் உங்கள் நர்ஸிங் மதிப்பெண் பட்டியலில் உள்ள தியரி, செய்முறை மணிநேரத்தைத்தான் எண்ணும். ஆங்கில இலக்கியத்தில் வாங்கிய பி.ஏ. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்தைக்கூடக் கூட்டாது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. எய்ம்ஸ் நர்ஸிங் ஆபீசர் பணிக்கான நார்செட் தேர்வை எழுத, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் இருந்தால் ஜி.என்.எம்.மே போதும். அந்தத் தேர்வுதான் இலக்கு என்றால், டிகிரிக்கு ஓடும் நேரத்தைத் தேர்வுக்குப் படிப்பதில் செலவிடுவது புத்திசாலித்தனம்.

2025இல் மூடிய கதவு

நர்ஸுக்கு இயல்பாக ஆர்வம் வரும் பாடங்கள் உளவியல், ஊட்டச்சத்து போன்றவை. "ஏற்கெனவே நோயாளிகளோடு இருக்கிறோம், இதைப் படித்தால் ஆலோசகர் ஆகலாம்" என்று சேர்ந்தவர்கள் பலர். துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்துவிட்டது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்து என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பி.ஏ. போல பல பாடங்கள் அடங்கிய பட்டமாக இருந்தால் அந்தப் பாடப்பிரிவு மட்டும் நீங்கும், பட்டம் இருக்கும்.

காரணம் நர்ஸிங்குக்குச் சொன்னதேதான்: நோயாளியைத் தொடும் தொழிலுக்கு நேரடிப் பயிற்சி வேண்டும். எனவே பழைய துண்டுப் பிரசுரத்தைக் காட்டி "உளவியலில் சேருங்கள் மேடம்" என்று யாராவது அழைத்தால் அதன் தேதியைப் பாருங்கள்.

அங்கீகாரம்: எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கவலை

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பேருந்தில் ஏறினால் தெரியும்: வீடு தமிழ்நாட்டில், வேலை புதுச்சேரியில். இந்த இரட்டை வாழ்க்கை படிப்பிலும் குறுக்கிடும்.

தொலைதூரக் கல்வியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்குள்தான் மையம் நடத்தலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் "அங்கீகரிக்கப்பட்ட மையம்" என்று புதுச்சேரிக்குள் ஒரு மாடி அறையில் பலகை தொங்கினால் சந்தேகப்பட வேண்டும். ஆன்லைன் முறைக்கு இந்த எல்லை கிடையாது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் சேரலாம். ஆனால் தனியாரிடம் உரிமம் கொடுத்துப் படிப்பு நடத்துவதை இரண்டு முறையிலும் யுஜிசி அனுமதிப்பதில்லை. ஆகவே இடைத்தரகரிடம் பணம் கட்ட வேண்டிய தேவையே இல்லை. கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும்.

இன்னொன்று, அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு நிரந்தரமாகக் கொடுத்த பட்டா அல்ல. எந்தப் படிப்பு, எந்த முறை, எந்த ஆண்டு என்று தனித்தனியாகத்தான் தரப்படுகிறது. நம் பகுதியிலேயே உதாரணம் உண்டு. 1929இல் தொடங்கிய, நம் பகுதியில் பலர் தொலைதூரக் கல்வி படித்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014–15 வரைதான் தன் அங்கீகாரம் இருந்தது என்று யுஜிசி 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்துப் பலர் கலங்கிப்போனார்கள். பழம்பெரும் பெயர் என்பதால் மட்டும் எந்தப் படிப்பும் எல்லா ஆண்டும் செல்லும் என்று நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில், நீங்கள் சேரும் பருவத்துக்கான பட்டியலில், உங்கள் படிப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரே வழி.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

இனி யாரும் கணக்குப் போட்டுக் காட்டாத பகுதி.

மூன்றாண்டுப் பட்டத்துக்கு இன்றைய யுஜிசி வரைமுறையில் குறைந்தது 120 கிரெடிட். தொலைதூர, ஆன்லைன் படிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 120ஐ 30ஆல் பெருக்கினால் 3,600 மணி நேரம். மூன்று ஆண்டில் 156 வாரம். வாரத்துக்குச் சுமார் 23 மணி நேரம்.

ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி. டியூட்டிக்கு 48. நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்வருகிறவருக்குப் பேருந்தில் 12 போகும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 7 மணி தூங்கினால் 49. சமையல், குழந்தை, துணி, குளியல், சாப்பாடு என்று நாளைக்கு 4 மணி வைத்தால் 28. கூட்டினால் 137. மிச்சம் 31. அதில் 23ஐப் படிப்புக்குக் கொடுத்தால் 8 மணி நேரம் கையில் நிற்கும். காகிதத்தில் கணக்கு சரியாக வருகிறது.

நைட் டியூட்டி வாரத்தில் இது உடையும். இரவு முழுக்க வார்டில் நின்று, காலையில் ஹேண்ட் ஓவர் கொடுத்து, வீட்டுக்கு வந்து பதினொரு மணிக்குப் படுத்தவரால் மாலை நாலு மணிக்கு எழுந்து பொருளாதாரம் படிக்க முடியாது. முடியாததற்குச் சோம்பல் காரணம் அல்ல, உடம்பு அப்படி. மாதத்தில் ஒரு வாரம் நைட் என்றால் அந்த வாரத்தைப் படிப்புக்கு இல்லாததாகவே எழுதிவிட்டு, மற்ற மூன்று வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 31 மணி ஆகிறது. மேலே மிச்சமென்று வந்ததும் 31தான். சினிமா இல்லை, கல்யாண வீடு இல்லை, காய்ச்சல் இல்லை.

எல்லோரும் முழு 3,600 மணி நேரமும் படிப்பதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் தேர்ச்சி பெறும் அளவுக்கு என்று பாதியாகக் குறைத்தாலும் வாரம் 11, 12 மணி நேரம் வேண்டும். அது இல்லாதவர் சேருவதை ஓர் ஆண்டு தள்ளிப்போடலாம்.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு மட்டுமே வரும் வேறு மூன்று சிக்கல்கள்:

1. நேரலை வகுப்புகளைச் சனி, ஞாயிறில் வைப்பார்கள். அது அலுவலகம் போகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட அட்டவணை. நர்ஸின் ஆஃப் செவ்வாய்க்கிழமை வரும். பதிவுசெய்த காணொளி கிடைக்குமா, எத்தனை நாளைக்கு இருக்கும், அதைப் பார்த்தால் பங்கேற்பாகக் கணக்கில் வருமா என்று சேரும் முன்பே கேட்க வேண்டும்.

2. தேர்வு நாளை மாற்ற முடியாது. தேர்வு அட்டவணை வந்த அன்றே இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்து, அடுத்த மாத டியூட்டி லிஸ்ட் போடும் முன் சொல்லிவிட வேண்டும். லிஸ்ட் ஒட்டிய பிறகு கேட்டால் இன்னொருவரின் ஆஃபைத்தான் பிடுங்க வேண்டிவரும். அந்தக் கசப்பு டிகிரி முடிந்தாலும் போகாது.

3. வீட்டிலிருந்து எழுதும் தேர்வு என்றால் கேமரா உள்ள கணினி, ஆள் நடமாட்டம் இல்லாத அறை, அறாத இணையம் மூன்றும் வேண்டும். நாலு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் இது எளிதல்ல. பருவத் தேர்வு டிசம்பரை ஒட்டி வந்தால் நம் கடற்கரையில் இன்னொரு கவலையும் சேரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மின்சாரமும் இணையமும் என்ன ஆயின என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

தன்னால் முடியுமா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் 8 அல்லது 12 வாரப் படிப்புகள் இருக்கின்றன. படிக்கப் பணம் வேண்டாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். நைட் டியூட்டி வரும் ஒரு மாதத்தையும் உள்ளடக்கி ஒரு படிப்பை முடித்துப் பாருங்கள். மூன்றாம் வாரத்தோடு அது நின்றுபோனால், மூன்றாண்டுக் கட்டணம் மிச்சம்.

சேரும் நாளில்: இனிஷியல் பிரச்சினை

2024 முதல் தொலைதூர, ஆன்லைன் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் யுஜிசி தளத்தில் டெப் ஐடி என்ற எண்ணை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால், கல்விக் கிரெடிட் வங்கியின் ஏபிசி ஐடி வேண்டும். ஏபிசி ஐடிக்கு ஆதார் அடிப்படை. எண்கள் எடுப்பது பத்து நிமிட வேலை. தரகரிடம் ஆதாரைக் கொடுத்து எடுக்கச் சொல்லாமல், உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணில் நீங்களே எடுங்கள்.

பத்து நிமிட வேலை பத்து நாள் ஆவது பெயரால். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து இருக்கும். கல்யாணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவரின் பெயர் சேர்ந்திருக்கும். செவிலியர் குழுமப் பதிவில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். சிலருக்குப் பிறந்த தேதியிலும் ஒரு நாள் வித்தியாசம். சேர்க்கையின்போது இந்த முரண்பாடு பெரிதாகத் தெரியாது. சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒரு மேசைக்கு முன்னால் உட்காரும்போதுதான் தெரியும். பட்டம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரில் வர வேண்டும் என்றால், ஆதாரை அதற்கேற்பத் திருத்திவிட்டு ஏபிசி ஐடி எடுப்பதே சரியான வரிசை. கட்டணம் கட்டுவது அதற்குப் பிறகு.